பெட்பேனை யார் எடுப்பது?

மே 12 வந்தால் நாங்கள் தேவதைகள் ஆகிவிடுகிறோம். கேக் வெட்டுகிறார்கள், மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், சேவையின் மகத்துவம் பேசுகிறார்கள். 2020 மார்ச் 22 மாலை நாடே எங்களுக்காகக் கை தட்டியது. இந்தப் புகழ்ச்சியில் ஒரு சொல் மட்டும் வரவே வராது: மலம். மருத்துவமனைக்குள் சாதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நர்சிங் முடித்து, வடபழனியில் ஒரு தனியார் மருத்துவமனையின் குடல்-இரைப்பை வார்டில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. இதுதான் என் முதல் வேலை. இந்த வார்டில் மலம் என்பது நோயின் தகவல். தார் போலக் கருப்பாகப் போனால், இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கல்லீரல் கெட்டு நினைவு தடுமாறுகிறவருக்கு லாக்டுலோஸ் கொடுக்கிறோம். நாளுக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போகிறதா என்று எண்ணித்தான் மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும். கொலனோஸ்கோப்பிக்கு அனுப்பும் முன் வயிறு சுத்தமாகிவிட்டதா என்பதையும் போகிற நீரைப் பார்த்துத்தான் சொல்கிறோம்.

அப்படியானால் மலத்தைப் பார்ப்பது மருத்துவ வேலை. ஆனால் அதை முதலில் பார்க்கிறவர் யார்? மருத்துவர் அல்ல. பல நேரங்களில் நர்ஸும் அல்ல. ஒப்பந்த நிறுவனம் அனுப்பிய ஆயாம்மா. எங்கள் தளத்தில் அந்த வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் தலித் பெண்கள். சிலர் கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் பஸ் மாறி வருகிறார்கள். நகரத்துக்குள் குடியிருக்கக் கூடாது என்று வெளியே அனுப்பப்பட்டவர்கள், நகரத்தின் மலத்தை அள்ள மட்டும் தினமும் உள்ளே வரவேண்டும்.

ஒரு இரவு ஆயாம்மா ஓடி வந்து, "சிஸ்டர், ஆறாம் பெட் தாத்தாவுக்குத் தாரு மாதிரி போயிருக்கு, வந்து பாருங்க" என்றார். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, நாடித் துடிப்பு ஏறியிருந்தது. டியூட்டி டாக்டர் உடனே வந்ததால் பெரியவர் பிழைத்தார். கேஸ் ஷீட்டில் டாக்டர் பெயர் இருக்கிறது, என் பெயர் இருக்கிறது. ஆயாம்மாவின் பெயரை எழுத அதில் இடமே கிடையாது.

"இது சுகாதாரப் பிரச்சினை, சாதியை ஏன் இழுக்கிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்கு இன்னொன்று சொல்கிறேன். ஒரு நோயாளியை நானும் ஆயாம்மாவும் சேர்ந்து புரட்டித் துடைத்தோம். இருவரும் கையுறையைக் கழற்றினோம், ஒரே சோப்பில் கை கழுவினோம். நான் மாத்திரை கொடுத்தேன். நோயாளியின் மகன் வாங்கிக்கொண்டார். ஆயாம்மா தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். பாட்டிலை மாற்றச் சொன்னார். கிருமி யார் கை என்று பார்க்காது. தீட்டுதான் பார்க்கும்.

இந்தத் தீட்டுதான் நர்சிங்கின் வரலாற்றையும் எழுதியது. பிரசவ ரத்தம் தீட்டு என்பதால் கிராமத்தில் அந்த வேலை நாவிதர் சமூகத்து மருத்துவச்சியின் தலையில் ஏற்றப்பட்டது. ஊரின் உயிர்களை உலகுக்குக் கொண்டுவந்தவருக்கு ஊர் மரியாதை தரவில்லை. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கியபின் நீண்ட காலத்துக்கு, இந்தத் தொழிலுக்குப் பெரும்பாலும் வந்தவர்கள் கிறித்தவப் பெண்கள். 1946இல் போர் குழு தந்த கணக்கு, 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். அதற்குக் காலனி அரசின் அலட்சியம் ஒரு காரணம். அந்நியர் உடலைத் தொடும் வேலையை இழிவென்று பார்த்த சாதிப் புத்தியும் ஒரு காரணம்.

இன்று நர்சிங்குக்கு மதிப்பு வந்திருக்கிறது. எப்படி வந்தது? பட்டம் வந்தது, கணினி வந்தது, கூடவே அழுக்கைக் கீழே தள்ளிவிடும் வசதியும் வந்தது. "அது ஹவுஸ்கீப்பிங் வேலை" என்பதுதான் புதிதாகச் சேருகிறவர்கள் வார்டில் கற்கும் முதல் பாடம். ஐம்பது வயதுப் பெண்ணை இருபத்திரண்டு வயது நர்ஸ் பெயர் சொல்லி அழைப்பது இரண்டாவது பாடம். தனக்குக் கீழே ஒருவரை வைத்துக்கொண்டு மேலேறுவதற்குப் பெயர் முன்னேற்றம் அல்ல, பார்ப்பனியம்.

ஏறிய எங்களுக்கும் என்ன கிடைத்தது? உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைக்கப்பட்ட குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016இல் பரிந்துரைத்தது. கேரளத்தில் நர்ஸுகள் போராடி 2018இல் அதை அரசாணையாக்கினார்கள். எங்கள் கட்டடத்தில் அதைவிடப் பல மடங்கு படுக்கைகள்; என் சம்பளம் 15,000. ஆயாம்மாவுக்கு அதிலும் பாதிதான். அவரை நான் தாழ்ந்தவராகப் பார்க்கும்வரை, என் சம்பளத்தைப் பற்றி நிர்வாகத்துக்குக் கவலை இல்லை.

எல்லா பெட்பேனையும் நர்ஸே எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரவில் ஒருத்தி பன்னிரண்டு நோயாளிகளைப் பார்க்கிற வார்டில் அது நடக்காது. நான் கேட்பது வேறு. மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட வேண்டும் என்று 2016 உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. சேர்ந்த வாரமே எனக்குப் போட்டார்கள்; மூன்று வருடமாக வேலை பார்க்கும் ஆயாம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. அவருக்கும் போடு. ஒப்பந்தத்தை ஒழித்து நேரடி ஊழியராக்கு. அவர் பார்த்ததைச் சொன்னால் அவர் பெயரில் பதிவு செய். அவருக்கு மருத்துவப் பயிற்சி கொடு, பயிற்சிக்கேற்ற ஊதியம் கொடு. எங்கள் சங்கத்தில் அவரையும் உறுப்பினராக்கு.

1897இல் பூனாவைப் பிளேக் சூறையாடியபோது, தீண்டப்படாத சமூகத்துச் சிறுவன் ஒருவனை முதுகில் சுமந்து சிகிச்சைக்குக் கொண்டுபோனார் சாவித்திரிபாய் பூலே. அந்த நோய் தொற்றி மார்ச் 10 அன்று இறந்தார். தோழர்களே, மே 12க்கு ஸ்டேட்டஸ் வைக்கும் முன், உங்கள் வீட்டில் யாராவது மருத்துவமனையில் படுத்திருந்தபோது பெட்பேன் எடுத்தவரின் பெயர் என்னவென்று நினைத்துப் பாருங்கள். தெரியவில்லை என்றால், அடுத்த முறை கேளுங்கள். அவர் தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்று நிர்வாகத்திடமும் கேளுங்கள்.