வெயிட்டைத் தூக்கும் முன்... உங்க டிரெய்னர் இந்த 7 கேள்விகளைக் கேட்டாரா?

ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் திடீரென ஒரு சிசிடிவி வீடியோ வரும். ஜிம்மில் நின்றுகொண்டிருக்கும் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிவார். கீழே, 'இதுக்குத்தான் சொல்றேன், இந்த ஜிம்மெல்லாம் நமக்கு வேணாம்' என்று பெரியப்பா ஒரு வரி போட்டிருப்பார். நாலு பேர் அதற்குக் கும்பிடு எமோஜி போடுவார்கள். அன்று ராத்திரியே போன் வரும். "நீ இன்னும் அங்கதான் போயிட்டிருக்கியா?"

பெரியப்பாவின் பயத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. 2021 அக்டோபர் 29-ம் தேதி கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் மாரடைப்பால் இறந்தபோது அவருக்கு வயது 46. அன்று காலையில் அவர் உடற்பயிற்சி செய்திருந்தார் என்ற செய்தி பரவியதும், அடுத்த சில நாள்கள் பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. 2022 ஆகஸ்டில் நகைச்சுவைக் கலைஞர் ராஜு ஸ்ரீவஸ்தவா டெல்லி ஜிம் ஒன்றில் டிரெட்மில்லில் ஓடும்போது சரிந்தார். பல வாரங்கள் சிகிச்சையில் இருந்தவர், செப்டம்பர் 21-ம் தேதி இறந்துபோனார்.

இப்படி ஒவ்வொரு முறை நடக்கும்போதும் 'ஜிம் ஆபத்தா?' என்று விவாதம் கிளம்புகிறது, ரெண்டு வாரத்தில் அடங்கிவிடுகிறது. யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. ஜிம்முக்குள் புதிதாக நுழைகிறவரின் உடம்பைப் பற்றி, அங்கே யாராவது ஒருவர் விசாரித்தார்களா?

உடற்பயிற்சி வில்லனா?

இல்லை. நம்முடைய பெரிய பிரச்னையே அசையாமல் இருப்பதுதான். 2024-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான ஆய்வின்படி, 2022 நிலவரத்தில் இந்தியப் பெரியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. பெண்களில் இது 57 சதவிகிதம். சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் என்றது. மூன்றில் ஒருவருக்கு மேல் உயர் ரத்த அழுத்தம். தமிழ்நாட்டில் 40 சதவிகிதப் பெண்களும் 37 சதவிகித ஆண்களும் அதிக எடை அல்லது உடல்பருமனோடு இருக்கிறார்கள் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு.

இதையெல்லாம் சேர்த்துப் பாருங்கள். ஜிம்மில் புதிதாகச் சேரும் பத்துப் பேரில் சிலருக்கு பி.பி-யோ சுகரோ இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. அதில் சிலருக்கு அது இருப்பதே தெரியாது.

இளைஞர்களின் திடீர் மரணங்கள் பற்றி, சென்னையிலுள்ள ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2023-ல் ஒரு ஆய்வு செய்தது. 19 மாநிலங்களில் 47 மருத்துவமனைகள். 18 முதல் 45 வயதுக்குள், வெளிப்படையான நோய் எதுவும் இல்லாமல் திடீரென இறந்தவர்களைப் பற்றிய ஆய்வு அது. கொரோனா தடுப்பூசி இந்த ஆபத்தை அதிகரிக்கவில்லை என்ற முடிவுதான் செய்திகளில் பெரிதாக வந்தது. ஆபத்தோடு தொடர்புடையவையாக அது சொன்ன பட்டியல் அவ்வளவாகப் பேசப்படவில்லை. கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தது, குடும்பத்தில் யாராவது திடீரென இறந்திருப்பது, இறப்புக்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுமீறிய குடி, போதைப்பொருள், அதே 48 மணி நேரத்தில் கடுமையான உடலுழைப்பு.

'கடுமையான' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். பழக்கமில்லாத உடம்பு திடீரென உச்சகட்ட உழைப்புக்குப் போகும்போது இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறுகின்றன. ரத்தக்குழாயில் ஏற்கெனவே படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு வெடித்து, அங்கே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். இளவயதினர் சிலருக்கு இதயத்தசை பிறவியிலேயே தடித்துப்போகும் பரம்பரைக் கோளாறு இருக்கும். படிப்படியாகப் பழகிய உடம்புக்கு இந்த ஆபத்து பெருமளவு குறைகிறது. அதாவது, பிரச்னை உடற்பயிற்சியில் இல்லை. முதல் நாளே முழு வேகம் எடுப்பதில் இருக்கிறது.

முதல் நாள் என்ன நடக்கிறது?

சென்னையில் ஒரு ஜிம்மில் நான் சேர்ந்த அன்று, எடையைப் பார்த்தார்கள். "எத்தனை மாசத்துல எவ்ளோ குறைக்கணும்?" என்று கேட்டார்கள். ஒரு வருடப் பேக்கேஜுக்கு என்ன ஆஃபர் என்று விளக்கினார்கள். "பி.டி எடுத்துக்கோங்க, ரிசல்ட் சீக்கிரம் தெரியும்" என்றார்கள். பி.டி என்றால் பர்சனல் டிரெய்னிங். பி.பி இருக்கா, மாத்திரை சாப்பிடுறீங்களா, வீட்டில் யாருக்காவது ஹார்ட் பிரச்னை இருந்ததா... எதையும் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் ஸ்குவாட் ரேக்கில் நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் மாடிப்படி இறங்கக் கைப்பிடிச் சுவர் தேவைப்பட்டது. அதோடு போனது என் அதிர்ஷ்டம்.

அந்த டிரெய்னரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பல ஜிம்களில் டிரெய்னரின் அடிப்படைச் சம்பளம் குறைவு. பி.டி பிடித்துக் கொடுத்தால் கமிஷன். மூணு மாசத்தில் 'பிஃபோர்-ஆஃப்டர்' போட்டோ வந்தால்தான் அடுத்த கிளையன்ட். அவசரப்படுத்துகிற வேலையாக அது மாறிவிடுகிறது. அதற்கு மேல், இந்தியாவில் ஒருவர் ஃபிட்னெஸ் டிரெய்னர் ஆவதற்கு, டாக்டர், நர்ஸ் போலப் பதிவு பெற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் ஃபிட்னெஸ் டிரெய்னர் படிப்பு இருக்கிறது. ஏ.சி.இ, ஏ.சி.எஸ்.எம் போன்ற சர்வதேசச் சான்றிதழ்களும் இருக்கின்றன. நல்ல டிரெய்னர்கள் சொந்தக் காசு போட்டு இதையெல்லாம் படிக்கிறார்கள். படிக்காதவரும் அதே டி-ஷர்ட்டைத்தான் போட்டிருக்கிறார்.

இந்த 7 கேள்விகள்

கனடாவில் உருவாகி உலகம் முழுக்கப் பயன்படும் ஓர் எளிய கேள்வித்தாள் இருக்கிறது. 'பார்-கியூ' என்பார்கள். முறையாகப் படித்த டிரெய்னருக்கு இது முதல் பாடம். அதன் சாரம் இதுதான்:

1. இதயத்தில் பிரச்னை இருப்பதாக டாக்டர் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா?
2. வேலை செய்யும்போதோ நடக்கும்போதோ நெஞ்சு வலிக்கிறதா?
3. கடந்த ஒரு மாதத்தில் சும்மா இருக்கும்போது நெஞ்சுவலி வந்ததா?
4. தலைசுற்றித் தடுமாறியிருக்கிறீர்களா, மயங்கி விழுந்திருக்கிறீர்களா?
5. உடற்பயிற்சியால் மோசமாகக்கூடிய எலும்பு, மூட்டுப் பிரச்னை உண்டா?
6. பி.பி-க்கோ இதயத்துக்கோ இப்போது மாத்திரை எடுக்கிறீர்களா?
7. உடற்பயிற்சி செய்யக் கூடாது என்பதற்கு வேறு ஏதாவது காரணம் இருக்கிறதா?

ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். ஜிம்மில் கேட்கவில்லையா? நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளலாம். பி.பி, சுகர் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையமே போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

முதல் மூணு மாசம் எப்படி இருக்கணும்?

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு, வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. கூடவே 2 நாளாவது தசைப் பயிற்சி. தினமும் ரெண்டு மணி நேரம் ஜிம்மில் கிடக்க வேண்டியதில்லை.

மிதமானது என்றால் எவ்வளவு? பேசிப் பாருங்கள். வேகமாக நடக்கும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் சரியான அளவு. ரெண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை என்றால் அது கடுமையானது. முதல் சில வாரங்களுக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வெயிட்டில், 12 முறை தூக்கிய பிறகும் இன்னும் ரெண்டு, மூணு முறை தூக்க முடியும் என்கிற எடையில் தொடங்குங்கள். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள்; மூச்சை அடக்கித் தூக்கினால் பி.பி சட்டென்று ஏறும். ஆரம்பத்தில் 5 முதல் 10 நிமிடம் வார்ம்-அப், முடிவில் மெதுவாகக் குறைத்து நிறுத்துவது, ரெண்டும் கட்டாயம். ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாள் வேலை கொடுக்காதீர்கள். ஃபார்ம் சரியாக வந்த பிறகுதான் எடையைக் கூட்ட வேண்டும்.

மறுநாள் தசை வலிப்பது சகஜம். மூட்டில் சுரீரென்று வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். கடுமையான பயிற்சிக்குப் பிறகு தாங்க முடியாத தசைவலியோடு, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் காத்திருக்காதீர்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையின் அறிகுறி அது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஜிம்முக்குக் கட்டக் காசில்லையா? நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் ஸ்குவாட்தான். சுவரில் கை ஊன்றி புஷ்-அப் எடுக்கலாம். நடைக்குச் செலவே இல்லை.

டப்பாவும் ஊசியும்

ஜிம் ரிசப்ஷனுக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் புரோட்டீன் டப்பாக்கள் பற்றி, 2024 மே மாதம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல் தெளிவாகவே சொன்னது. தசை வளர்க்கப் புரோட்டீன் பவுடரை நம்ப வேண்டாம், நீண்டகாலம் அதிக அளவில் எடுத்தால் எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு வரலாம். சாதாரணமாக ஒருவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. 60 கிலோ ஆளுக்குச் சுமார் 50 கிராம். உடற்பயிற்சி செய்பவருக்குக் கொஞ்சம் கூடத் தேவைப்படலாம். முட்டை, சுண்டல், பருப்பு, மீன், தயிரிலேயே பெரும்பகுதியை எட்டிவிடலாம்.

பவுடராவது பரவாயில்லை. 'ஒரு சைக்கிள் போட்டா போதும் ப்ரோ' என்று காதோரம் சொல்லப்படும் ஸ்டீராய்டு ஊசி, இதயத்தசையைத் தடிக்கவைக்கும், கொழுப்பின் அளவைக் கெடுக்கும், கல்லீரலைப் பாதிக்கும், குழந்தையின்மைக்கும் கொண்டுபோய் விடும். போட்டிகளில் ஆடும் வீரர்களுக்கு ஊக்கமருந்துப் பரிசோதனை உண்டு. தெருமுனை ஜிம்மில் அப்படி எதுவும் கிடையாது. ஊசியைப் பற்றி டிரெய்னர் பேச்செடுத்தால், கட்டிய பணத்தைப் பார்க்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

ஒருவர் விழுந்தால்?

அந்த வீடியோக்களை இன்னொரு முறை பாருங்கள். சுற்றி நிற்பவர்கள் தண்ணீர் தெளிப்பார்கள், காலைத் தேய்ப்பார்கள். அந்த நிமிடங்கள்தான் உயிர். அழைத்தும் அசையவில்லை, சுவாசம் சரியாக இல்லை என்றால், ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் உடனே நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து அழுத்தத் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ ஆழத்துக்கு, ஆம்புலன்ஸ் வரும்வரை. ஜிம்மில் சேரும் முன் "உங்க டிரெய்னர்களுக்கு சி.பி.ஆர் தெரியுமா? டிஃபிப்ரிலேட்டர் இருக்கா?" என்று கேளுங்கள். ஏ.சி இருக்கா என்று கேட்கிறோமே, அதுபோலத்தான்.

ஒரு பக்கக் கேள்வித்தாள், ஒரு பி.பி மெஷின், சி.பி.ஆர் தெரிந்த இரண்டு ஊழியர்கள். ஜிம் நடத்த இவை கட்டாயம் என்று அரசு சொன்னால், எந்த ஜிம்மும் நஷ்டத்தில் மூடப்போவதில்லை. அதுவரை கேட்கவேண்டிய பொறுப்பு, பணம் கட்டுகிற நம்மிடம்தான் இருக்கிறது.

பெரியப்பாவுக்கும் ஒரு பதில் அனுப்பலாம். 'ஜிம்முக்குப் போறேன் பெரியப்பா. பி.பி பார்த்துட்டுத்தான் போறேன். நீங்களும் நாளைக்கு ஒரு தடவை பார்த்துட்டு, சாயங்காலம் அரை மணி நேரம் நடங்க.'