முதலில் எங்கள் வாய்க்குள் டார்ச் அடியுங்கள்

நானோ தொழில்நுட்பம் படிக்கும் தம்பி ஒருவர் போன வாரம் எங்கள் மாலை வகுப்புக்கு வந்து தன் ஆய்வைப் பற்றிப் பேசினார். ஒளியைக் கொண்டு புற்றுநோயைக் கொல்லும் ‘ஸ்மார்ட்’ நானோ துகள்கள். பின்வரிசையில் இருந்த தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர், “எங்க வீட்டுக்காரருக்கு வாயில வந்துச்சே, அவரு பொழச்சிருப்பாரா தம்பி?” என்று கேட்டார். “ஆரம்பத்துலயே பார்த்திருந்தா அக்கா...” என்று தம்பி இழுத்தார். மேலே அவரால் பேச முடியவில்லை.

தோழர்களே, முதலில் இந்த அறிவியலைக் கற்றுக்கொள்வோம். இதெல்லாம் நமக்கெதற்கு என்று நாமே ஒதுங்கினால், நம்மை ஒதுக்கியவர்களுக்கு வேலை மிச்சம். ஒளிபட்டால் வினைபுரியும் மருந்து ஒன்று உடலுக்குள் போகிறது. அது கட்டியில் சேர்ந்த பிறகு குறிப்பிட்ட நிற ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். அங்குள்ள ஆக்சிஜன் வீரியமாக மாறிப் புற்றுச் செல்லைக் கொல்கிறது. இன்னொரு வழி, தங்கம் பூசிய நானோ துகள்கள் அகச்சிவப்பு ஒளியில் சூடாகிக் கட்டியைப் பொசுக்குவது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நயோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் இருவரும் உருவாக்கிய இத்தகைய துகள்களை புரோஸ்டேட் புற்றுநோயாளிகளிடம் சோதித்த முதல் முடிவுகள் 2019இல் வெளிவந்தன. ‘ஸ்மார்ட்’ என்பது இதற்கும் மேலே ஒரு படி. கட்டியைச் சுற்றியுள்ள அமிலத்தன்மையை உணர்ந்து அங்கே மட்டும் மருந்தை அவிழ்த்துவிடும் துகள்கள், கட்டிக்குள் ஆக்சிஜன் குறைவு என்பதால் அதையும் தாமே உண்டாக்கும் துகள்கள். இவற்றில் பெரும்பாலானவை இன்னும் எலிகளைத் தாண்டவில்லை.

ஒளிக்கு ஓர் எல்லை உண்டு. சதைக்குள் சில மில்லிமீட்டர் போகும், அகச்சிவப்பு என்றால் இன்னும் கொஞ்சம். ஆகவே மெல்லிய, ஆரம்பநிலைப் புற்றுக்குத்தான் இது நன்றாகக் கைகொடுக்கும். யாருடைய புற்று ஆரம்பத்தில் கண்டுபிடிக்கப்படுகிறது? மலக்குழி நாற்றத்தைத் தாங்க வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டு வேலை செய்கிறவரின் புற்றா? ஒருநாள் ஓபி வரிசையில் நின்றால் ஒருநாள் கூலி போகும். அந்த அக்காவின் கணவர் புண்ணோடு எட்டு மாதம் வேலைக்குப் போனார். கடைசியில் போன மருத்துவமனையில் அவர் வாயைத் திறக்கச் சொன்னவர் நாலடி தள்ளி நின்றுதான் பார்த்தாராம்.

ஏழைகளை மனதில் வைத்தும் ஒளி சிகிச்சையைச் செய்யலாம் என்பதற்கு அலிகர் சாட்சி. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் தய்யபா ஹசன் குழுவினர், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து, ஆரம்பநிலை வாய்ப் புற்றுக்குப் பேட்டரியில் ஓடும் எல்இடி கருவியைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். கரைத்துக் குடிக்கிற மருந்து. கட்டி எங்கே ஒளிர்கிறது என்று பார்க்க ஸ்மார்ட்போன். இதில் நானோ கிடையாது. மின்சாரம் போனாலும் வேலை நடக்க வேண்டும் என்ற யோசனை இருந்தது. எங்களுக்கு அதுதான் ‘ஸ்மார்ட்’.

நிறத்தையும் கேட்டாக வேண்டும். மெலனின் ஒளியை உறிஞ்சும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் பற்றி 2020இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு நினைவிருக்கிறதா? கருவி காட்டிய அளவு நன்றாக இருந்தும் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தது கறுப்பர்களில் 11.7 சதவீதம், வெள்ளையர்களில் 3.6 சதவீதம். அதுவும் ஒளியால் அளக்கும் கருவிதான். நாளை நானோ சிகிச்சைக்கு ஒளியின் அளவை முடிவு செய்யும்போது கறுத்த தோலும் கறுத்த ஈறும் சோதனையில் இருந்தனவா என்று ஆய்வகத்தில் இருக்கும் நம் பிள்ளைகள்தான் கேட்க வேண்டும். வேறு யாரும் கேட்கப்போவதில்லை.

அதுவரை? திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்ல. புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்று மரணம் 34 சதவீதம் குறைந்தது. 2005இல் முடிவு வந்தது. இருபது ஆண்டுகளாகியும் எங்கள் குடியிருப்பில் யாரும் வந்து வாயைத் திறக்கச் சொன்னதில்லை. நானோவுக்கு நிதி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இந்த வேலைக்கு ஏன் ஒதுக்கவில்லை என்று கேட்கிறோம்.

வரும் ஞாயிறு காலை பல் மருத்துவம் படிக்கும் இரண்டு தோழர்கள் தங்கள் பேராசிரியரோடு வருகிறார்கள். நானோ தம்பியும் வருகிறார், பெயர் எழுத. டார்ச் மூன்று இருக்கிறது. வாய் பார்க்கும் சிறு கண்ணாடிகள்தான் இன்னும் வேண்டும்.