பஞ்சு மாதிரி மெத்தை பிள்ளைக்கு வேண்டாம்

எங்கட பட்ச்சில் முதல் பிள்ளை பிறந்தது போன வருடம். மூன்றாம் வருடம் படிக்கும்போதே கலியாணம் கட்டிய தோழி அவள். முப்பத்தொண்டுக்கு வெறுங்கையோட போகக்கூடாது என்று ஒன்பது பேர் சேர்ந்து காசு போட்டோம். தொட்டில் மாமியார் வீட்டில் ஏற்கெனவே இருந்தது. அவளின் மனிசன் கிடந்து வளர்ந்த பழைய மரத்தொட்டில். மெத்தைதான் இல்லை. அதை நாங்கள் வாங்குவது என்று முடிவெடுத்தோம்.

யாழ்ப்பாண ரவுனில் மூன்று கடை ஏறி இறங்கினோம். மூன்றாவது கடையில் ஒரு 'செற்' காட்டினார்கள். மெத்தை, தொட்டிலின் உள்பக்கத்தைச் சுற்றிக் கட்டுகிற பஞ்சுத் தடுப்பு, குட்டித் தலையணை, இரண்டு பக்கத் தலையணை, தடித்த போர்வை, எல்லாவற்றிலும் யானைக்குட்டிப் படம். "தங்கச்சி, கையை வைச்சுப் பாருங்கோ, பஞ்சு மாதிரி" என்றார் கடைக்காரர். வைச்சோம். கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போனது. ஹொஸ்ரல் கட்டிலில் படுக்கிற எங்களுக்கே அதில் ஒருக்கால் படுத்துப் பார்க்க ஆசையாக இருந்தது. விலை, எங்களில் ஒராளின் நாலு மாத மகாபொலக் காசு. வாங்கினோம். படம் எடுத்து ஸ்ரேற்றஸும் போட்டோம்.

அடுத்த கிழமை பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர், ஊரில் எல்லாரும் மிஸி என்று கூப்பிடுகிறவர், தொட்டிலுக்குள் இருந்தவற்றை ஒவ்வொன்றாக வெளியில் எடுத்து வைச்சாவாம். தலையணைகள், போர்வை, தடுப்பு. கடைசியில் மெத்தையை உள்ளங்கையால் அமத்திப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறா:

"பிள்ளை, இதை ஆர் வாங்கித் தந்தது?"

"எங்கட கம்பஸ் பிள்ளையள் மிஸி."

"படிச்ச பிள்ளையள்தானே?"

அவ்வளவுதான் கேட்டா. தோழி சிரித்துக்கொண்டுதான் எங்களுக்கு இதைச் சொன்னாள். எங்களுக்குச் சிரிப்பு வரேல்ல. வெட்கமாக இருந்தது. பிறகு இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினோம். வாசிக்க வாசிக்க வெட்கம் கோபமாகிவிட்டது. நாங்கள் நாலு மாதக் காசு குடுத்து வாங்கிய செற்றில், பிள்ளைக்குத் தேவையான பொருள் ஒன்றுகூட இருக்கவில்லை. மெத்தை உட்பட.

ஏன் என்று சொல்கிறோம். பிறந்த பிள்ளைக்குக் கழுத்து நிற்காது. முகம் ஏதாவது மெதுவான பொருளுக்குள் புதைந்தால், தலையைத் தூக்கித் திருப்பி மூச்செடுக்கத் தெரியாது. பஞ்சு மாதிரி மெத்தையில் தலை இருக்கும் இடம் பள்ளமாகும். பிள்ளை புரண்டு முகம் அந்தப் பள்ளத்துக்குள் போனால், தான் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுக்கும். ஒட்சிசன் குறையும், காபனீரொட்சைட்டு கூடும். சத்தம் வராது. அழுதால்தானே நாங்கள் எழும்புவோம்?

நித்திரையில் காரணம் தெரியாமல் நடக்கும் குழந்தை மரணங்களில் பெரும்பாலானவை முதல் ஆறு மாதத்துக்குள், குறிப்பாக ஒன்று முதல் நாலு மாதத்துக்குள் நடக்கின்றன. பிள்ளையைக் குப்புறப் படுக்க விடாமல் நிமிர்த்திப் படுக்க வையுங்கள் என்ற பிரசாரத்தைப் பிரித்தானியா 1991 இலும் அமெரிக்கா 1994 இலும் தொடங்கின. அதற்குப் பிறகு வந்த பத்து வருடங்களுக்குள் அமெரிக்காவில் இந்த மரண வீதம் கிட்டத்தட்ட அரைவாசியாக இறங்கியது. அதற்கு மருந்தோ மெஷினோ தேவைப்படவில்லை. படுக்க வைக்கிற விதத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான். மெத்தைக்கும் அதே கணக்குத்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2022 இல் திருத்திய வழிகாட்டலில் சொல்வது இது: உறுதியான, தட்டையான, சாய்வில்லாத மெத்தை. அதற்கு மேலே இறுக்கி விரித்த ஒரு துணி. வேறொன்றும் தொட்டிலுக்குள் வேண்டாம்.

எங்களுக்கு வித்த அந்தச் சுற்றுத் தடுப்பு இருக்கிறதே, அதை அமெரிக்காவில் விற்கவே முடியாது. 2022 இல் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். பிள்ளையின் தலை மரத்தில் முட்டாமல் இருக்க என்றுதான் அங்கேயும் அதை வித்தார்கள். முட்டினால் ஒரு வீக்கம் வரும், பிள்ளை அழும், வீக்கம் வத்தும். பஞ்சுக்கும் மெத்தைக்கும் நடுவில் முகம் மாட்டினால் என்ன நடக்கும் என்பதை எழுதத் தேவையில்லை. 'தலை உருண்டையா வர' என்று விற்கிற நடுவில் குழி வைத்த தலையணையைப் பாவிக்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதே வருடம் எச்சரித்தது. தலை வடிவாக வர வேண்டுமென்றால், பிள்ளை முழித்திருக்கும்போது ஒராள் பக்கத்தில் இருந்து குப்புறக் கிடத்தி விளையாட விட்டால் போதும். அதற்குக் காசில்லை. காசில்லாததை ஆர் விளம்பரம் செய்வார்?

இதில்தான் எங்கட கோபம். சந்தை விற்பது மெத்தையை அல்ல, தாயின் பயத்தை. 'உங்கட செல்லத்துக்கு நல்லது குடுக்க மாட்டீங்களா?' என்று கேட்டால் எந்தத் தாய் வாய் திறப்பாள்? வெறும் மெத்தையில் வெறும் துணி விரித்த தொட்டிலைப் பார்த்தால் வருகிற சொந்தம் எல்லாம் "என்ன, பிள்ளையை இப்பிடி வெறுந்தரை மாதிரிக் கிடத்தியிருக்கிறாய்?" என்று கேட்கும். தலையணை வைச்சால் மிஸி ஏசுவா, வைக்காட்டி மாமி ஏசுவா. பிள்ளைக்கு ஏதும் நடந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து தாயை ஏசும். தொட்டிலை ஒருக்கால் அளந்துகூடப் பார்க்காத தகப்பனை ஒருத்தரும் கேட்கப்போவதில்லை. கலைப்பீடத்தில் நுகர்வுக் கலாசாரம் பற்றி அசைன்மென்ற் எழுதி நல்ல மாக்ஸ் வாங்கிய நாங்களே அந்தக் கடையில் பொத்தென்று விழுந்தோம் என்றால், நித்திரையில்லாமல் பால் குடுத்துக்கொண்டு போனில் விளம்பரம் பார்க்கிற ஒரு தாயை எப்படிக் குறை சொல்வது?

"நாங்களெல்லாம் வளரேல்லையா?" என்று இப்போது ஒராள் கேட்பார். நியாயமான கேள்வி. எங்கட அம்மம்மாவை விசாரித்தோம். அவ பிள்ளை வளர்த்தது பாயில், நாலாய் மடித்த பழைய நூல் சேலைக்கு மேலே. தட்டை, உறுதி, தலையணை கிடையாது. யோசித்துப் பாருங்கோ, மிஸி சொன்னதும் கிட்டத்தட்ட அதுதானே. நாங்கள் விட்டுவிட்டு வந்த பழக்கம் கடையில் வாங்கிய செற்றை விட நல்லதாக இருந்திருக்கிறது.

ஆனால் பழையது எல்லாம் சரி என்றும் சொல்ல வரவில்லை. ஏணையில் பிள்ளையின் உடம்பு வளையும், நாடி நெஞ்சில் முட்டும், மூச்சுப் பாதை நெருங்கும். ஆராட்டுவதென்றால் ஒராள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு ஆராட்டலாம். நித்திரையானதும் தட்டையான இடத்துக்கு மாற்ற வேண்டும். இலவம்பஞ்சு இயற்கையானது, ஆகவே நல்லது என்ற கதையும் அப்படித்தான். 1993 இல் தஸ்மேனியாவில் இருந்து வந்த ஆய்வு ஒன்று, இலவம்பஞ்சு போன்ற இயற்கை நார் அடைத்த மெத்தையில் குப்புறப் படுக்கும் பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் கூடுகிறது என்று கண்டது. 'வளர்ந்தோம்தானே' என்று சொல்ல, வளர்ந்தவர்கள் மட்டும்தான் இருக்கிறோம். வளராமல் போன பிள்ளைகள் வந்து சாட்சி சொல்லாது.

"அமெரிக்கக்காரனின் சட்டம் எங்களுக்கென்னத்துக்கு?" என்பவர்களுக்கு ஒன்று. பிள்ளையின் மூச்சுக்குழாய்க்கு நியூயோர்க், நெல்லியடி என்று வித்தியாசம் தெரியாது. எங்கட வெக்கைக்கு அந்தத் தடித்த போர்வை அங்கே உள்ளதை விடக் கேடு. உடம்பு அளவுக்கு மிஞ்சிச் சூடாவதும் ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்று.

சரி, அப்ப எதை வாங்குவது? கடைக்குப் போக முதல் தொட்டிலை அளவுங்கள். மரத்தின் உள்பக்கம், நீளம், அகலம் இரண்டும். மெத்தையைப் போட்ட பிறகு அதற்கும் மரத்துக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் போகக்கூடாது. போனால் அது தலை மாட்டுகிற இடைவெளி. துணியைச் சுருட்டி அதை அடைக்கலாம் என்று நினைக்க வேண்டாம், அந்தச் சுருட்டிய துணியும் இன்னொரு தலையணைதான். பழைய தொட்டில் என்றால் சட்டங்களுக்கு இடையிலும் அளவுங்கள். 6 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் பிள்ளையின் உடம்பு வழுக்கிப் போய்த் தலை மாட்டிக்கொள்ளும்.

பிறகு அமத்திப் பாருங்கள். உள்ளங்கையால் நடுவிலும் ஓரத்திலும் அமத்திக் கையை எடுத்தால் மெத்தை உடனே பழையபடி நிமிர வேண்டும். கை அடையாளம் நின்றால் அது பெரிய ஆக்களுக்கு. 'மெமரி ஃபோம்' என்று சொன்னால் பிள்ளைக்கு வேண்டாம். எங்களுக்குக் கல்லு மாதிரித் தெரிகிற மெத்தைதான் பிள்ளைக்கு அளவான மெத்தை. மொத்தம் கூடினால் தரம் கூடும் என்பதும் பொய். மெத்தை உயர உயரத் தொட்டிலின் மறைப்புக் குறையும், எழும்பி நிற்கப் பழகிய பிள்ளை மேலால் விழும். அமெரிக்காவில் அளவான பெரிய தொட்டிலின் மெத்தை 6 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதி. 4 அங்குலம் தாராளம். 'ஒதோபீடிக்', 'பிறீமியம்' என்று உறையில் அடித்திருப்பது ஒரு சோதனையின் முடிவல்ல, வெறும் சொல்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பொலித்தீன் உறையைக் கழற்றி வெட்டி எறியுங்கள். மூத்திரம் ஊறாமல் இருக்கட்டும் என்று அப்படியே விடுகிற வீடுகளை நாங்கள் கண்டிருக்கிறோம். மெல்லிய பொலித்தீன் முகத்தில் ஒட்டினால் முடிந்தது. றப்பர் சீற்றை நான்கு பக்கமும் கீழே மடித்து இறுக்கி, அதற்கு மேல் பருத்தித் துணியை இறுக்கி விரித்தால் போதும். நுளம்பு வலை கட்டாயம், டெங்கு இருக்கிற ஊர். ஆனால் வலை தொட்டிலுக்குள் தொங்காமல் வெளியால் இழுத்து நிற்க வேண்டும்.

ஆரும் பாவித்த மெத்தை கிடைத்தால்? 2002 இல் வந்த ஸ்கொட்லாந்து ஆய்வு, வேறு வீட்டில் பாவித்த மெத்தைக்கும் இந்த மரணங்களுக்கும் ஒரு தொடர்பைக் கண்டது. காரணம் அதுதான் என்று அந்த ஆய்வு அடித்துச் சொல்லவில்லை. ஆனாலும் நடுவில் பள்ளம் விழுந்த, கிழிந்த, பூஞ்சணம் பிடித்த மெத்தையை இலவசமாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். தொட்டிலைக் கடன் வாங்குங்கள், மெத்தையைப் புதிதாகப் போடுங்கள்.

இதெல்லாம் ஒவ்வொரு தாயும் தேடி வாசிக்க வேண்டிய விஷயமா? இல்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை என்று ஒன்று 2003 இன் 9ம் இலக்கச் சட்டத்தின் கீழ் இருக்கிறது. எஸ்.எல்.எஸ். முத்திரை குடுக்கிற நிறுவனமும் இருக்கிறது. நாங்கள் ஏறிய மூன்று கடையிலும் எந்தத் தொட்டில் மெத்தையிலும் அப்படி ஒரு முத்திரையைக் காணவில்லை. எத்தனை மாதப் பிள்ளைக்கு, எவ்வளவு உறுதி, எந்த அளவுத் தொட்டிலுக்கு என்று ஒரு வரிகூட இல்லை. பிள்ளைக்கென்று விற்கிற மெத்தையில் இதெல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் அடித்திருக்க வேண்டும். சுற்றுத் தடுப்பைத் தொட்டிலோடு சேர்த்து விற்பதை நிறுத்த வேண்டும். செற்றை உடைத்து மெத்தையைத் தனியாக விற்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நாங்கள் கேட்டோம். "செற்றாத்தான் வருது" என்றார்கள். ஒன்பது பேர் கேட்டால் இந்தப் பதில். தொண்ணூறு பேர் கேட்டால் பதில் மாறும்.

அரசாங்கமும் கடையும் மாறும் வரைக்கும் எங்கட கையில் இருப்பது அன்பளிப்பு. முப்பத்தொண்டுக்குத் தலையணை செற் கொண்டு போவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். நீங்களும் நிறுத்துங்கோ. காசாகக் குடுங்கோ, இல்லாட்டி அளவு நாடாவோட போங்கோ.

எங்கட கதை இப்படி முடிந்தது. கடையில் திருப்பி எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். திரும்பவும் காசு சேர்த்தோம். குஷன் வேலை செய்கிற ஒரு அண்ணையிடம் தொட்டிலின் அளவைக் குடுத்து, இருக்கிறதுக்குள்ள இறுக்கமான ஃபோமில் 4 அங்குல மொத்தத்துக்கு வெட்டுவித்தோம். ஒரு மாத மகாபொலக் காசுகூடப் போகவில்லை. உறையைத் தோழியின் அம்மா பருத்தித் துணியில் தைத்தா. போன கிழமை போனபோது பிள்ளை நிமிர்ந்து படுத்து, கையிரண்டையும் மேலே எறிந்துவிட்டு நித்திரை. தொட்டிலுக்குள் வேறொன்றும் இல்லை.

யானைக்குட்டித் தலையணை மூன்றும் இப்ப ஹொஸ்ரலில்தான். எக்ஸாம் நேரம் அதுக்கு அடிபாடு.