செஞ்சி செல்லும் சாலை



பூமியில் பயணம் செய்து, முன் சென்றோரின் நிலையைச் சிந்திக்குமாறு திருமறை நம்மைப் பணிக்கிறது. அதற்குத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ பேருந்து ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் செஞ்சிக் கோட்டையை அடையலாம்.

1714ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாப் சஆதத்துல்லாகானின் படையை எதிர்த்துப் போரிட்டு தேசிங்கு ராஜன் வீழ்ந்தார். ஏட்டில் மட்டும் படிப்பவர் இதனை இந்து முஸ்லிம் போர் என்றே எண்ணக்கூடும். போருக்குக் காரணம் கப்பப் பாக்கியே, சமயமன்று. தேசிங்குக்காக மணக்கோலத்தைத் துறந்து களம் புகுந்து உயிர் ஈந்த தோழர் மகமத்கான் ஒரு முஸ்லிம் என்று இம்மண்ணின் கதைப்பாடல் போற்றுகிறது. கீழ்க்கோட்டையில் வேங்கடரமணர் ஆலயமும் சஆதத்துல்லாகான் பள்ளிவாசலும் இன்றும் நிற்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் நடந்து கண்டவர் உள்ளத்தில், கேள்விப்பட்ட பகைமை எளிதில் வேரூன்றாது.

பெற்றோர்களே! விடுமுறையில் உறவினர் இல்லங்களுக்கு அழைத்துச் செல்லும் பிள்ளைகளை ஒரு நாள் செஞ்சிக்கும் அழைத்துச் செல்லுங்கள். நவாபின் வெற்றியைச் சொல்லும்போதே மகமத்கானின் நட்பையும் சொல்லுங்கள். அண்டை வீட்டாரை நேசிக்கும் விரிந்த உள்ளத்தை வல்ல அல்லாஹ் அவர்களுக்கு அருள்வானாக! ஆமீன்.