கண்ணாடிக்கும் வேண்டும் ஒரு மச்சம்

தேவாரத்தில் திருமுதுகுன்றம் எனப் போற்றப்பெறும் தலமே இன்றைய விருத்தாசலம். அங்குப் பழமலைநாதரைப் பாடிப் பன்னீராயிரம் பொன் பெற்ற சுந்தரமூர்த்தி சுவாமிகள், இறைவன் பணித்தவாறு அதனை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத் திருக்குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. 'ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது' என்னும் வழக்கை அறியாதார் இலர். ஆயின், பலரும் மறந்துவிடும் செய்தி ஒன்று அதில் உண்டு. பொன்னை ஆற்றில் இடுமுன், சுவாமிகள் அதில் சிறு துண்டு ஒன்றை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். அத்துண்டுக்கு 'மச்சம்' என்று பெயர். குளத்தில் கிடைத்த பொன்னை அதனோடு ஒப்பிட்டபோதுதான் மாற்றுக் குறைவு தெரிந்தது. மீண்டும் பதிகம் பாடினார், மாற்று நிறைவாயிற்று.

இவ்வரலாறு இல்லறத்தாருக்கும் பயன்படுவது. வீட்டு முகப்பில் பழுப்பு நிறக் கண்ணாடி பதித்த நான்கு ஜன்னல்கள் இருக்கின்றன எனக் கொள்வோம். சிறுவர் எறிந்த பந்தால் ஒன்று உடைகிறது. உடைந்த துண்டுகள் உடனே குப்பைக்குப் போகின்றன. 'பழுப்புக் கண்ணாடி வேண்டும்' என்று வாய்மொழியாகச் சொல்லப்படுகிறது. புதிய கண்ணாடி வந்து பொருத்தியபின் தெருவிலிருந்து பார்த்தால் மூன்று ஒரு நிறம், ஒன்று வேறு நிறம். 'ஏமாற்றிவிட்டான்' என்ற சொல் எழுகிறது. தொழிலாளியின் கூலி நிறுத்தப்படுகிறது. தன் குற்றம் யாதென அறியாமல் அவர் வெறுங்கையோடு திரும்புகிறார்.

பெரும்பாலும் குற்றம் அவருடையதன்று. இவ்வகைக் கண்ணாடியில் நிறம் மேலே பூசப்படுவதில்லை, உருக்கும்போதே கலக்கப்படுகிறது. இரும்பு பச்சையையும், கோபால்ட்டு நீலத்தையும் தரும். செலீனியம் முதலியன சேரப் பழுப்பு பிறக்கும். நிறம் உள்முழுதும் பரவியிருப்பதால், கனம் கூடினால் நிறமும் அடர்ந்து தோன்றும். 4 மில்லிமீட்டர் கண்ணாடியும் 6 மில்லிமீட்டர் கண்ணாடியும் ஒரே உலையில் பிறந்தாலும் ஒன்றுபோல் தோன்றா. ஒரு நிறுவனத்தின் பழுப்பு மற்றொன்றின் பழுப்பு ஆகாது. ஒரே நிறுவனத்திலும் வெவ்வேறு காலத்து உற்பத்தியில் சிறு வேறுபாடு நேரும். வெள்ளைக் கண்ணாடியின்மேல் ஒட்டிய நிறத்தாளாயின், பழையது வெயிலில் வெளுத்திருக்கும்; புதியது அதனோடு இணையாது.

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் சூளை வைப்போர் இதனை நன்கு அறிவர். ஒரே மெருகுக் கலவையைப் பூசினாலும், சூளையின் வெப்பம் சற்று மாறினால் நிறமும் மாறும். தரை ஓடுகளின் பெட்டிமீது நிற எண்ணும் தொகுதி எண்ணும் அச்சிடப்படுவதும் இதுபற்றியே.

ஆகவே, கண்ணாடி உடைந்தால் உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றைக் கவனமாக எடுத்துத் துணியில் பொதிந்து வைத்தல் வேண்டும். அதுவே மச்சம். கடைக்கு அதனைக் கொண்டு சென்று, முதலில் கனத்தை அளக்கச் செய்க. பின்னர் இரண்டையும் வெள்ளைத் தாளின்மேல் அருகருகே வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்க. கடையின் மின்விளக்கை நம்பலாகாது. ஒத்தது கிடைக்காவிடில் வேறு வழியும் உண்டு. வீட்டின் பின்புறத்தில் அதே அளவுள்ள பழைய கண்ணாடி இருப்பின், அதனை முகப்புக்கு மாற்றிப் புதியதைப் பின்புறத்தில் பொருத்தலாம். புதிதாக வீடு கட்டுவோர் ஒரு கண்ணாடியை மிகுதியாக வாங்கிப் பரண்மேல் வைத்தல் நன்று.

வங்கியில் மாதிரிக் கையொப்பம் பெற்று வைப்பது வாடிக்கையாளரை ஐயுறுவதற்காக அன்று. பின்னாளில் ஐயம் எழாதிருப்பதற்காகவே. வீட்டில் மச்சம் வைப்பதும் அத்தகையதே.

விருத்தாசலத் தலபுராணம் மற்றொன்றும் சொல்கிறது. விபசித்து முனிவர் திருப்பணி செய்தபோது வேலையாட்களுக்கு வன்னி மரத்து இலைகளே கூலி. அவை அவரவர் உழைப்புக்கேற்பப் பொன்னாயினவாம். அம்மரத்தை வலம் வந்து வணங்குவோர், மாதிரி காட்டாமல் வேலை வாங்கிவிட்டு, நிறம் சேரவில்லை என்று ஓர் உழைப்பாளியின் கூலியைப் பிடித்துவைத்தல் தகுமா?