பீட்டர் அரசரின் அதிசயசாலையும் பிசாசும்

ஒரு குழந்தை உறுப்புக் குறைவோடோ, இரட்டைத் தலையோடோ பிறந்துவிட்டால் அது பிசாசின் வேலை, சூனியத்தின் பலன் என்று பயந்து, அதை மறைப்பதும் மருத்துவச்சியைக் கொண்டு தீர்த்துவிடுவதும் ருஷிய தேசத்தில் நடந்து வந்தன. இதை முதலில் அதிகாரத்தோடு தடுத்தது ஒரு ராஜாவின் பொருள் சேர்க்கும் பித்து என்றால் வாசகர்கள் ஆச்சரியப்படலாம்.

ஐரோப்பிய ராஜாக்கள் சங்கு, தந்தம், செத்த முதலை முதலியவைகளை ஓர் அறையில் அடைத்து, தங்கள் விருந்தாளிகளுக்கு மாத்திரம் காட்டிப் பெருமையடித்துக் கொள்வது வழக்கம். ருஷிய அரசர் பீட்டரும் 1714-ல் பீட்டர்ஸ்பர்க்கில் குன்ஸ்ட்காமரா என்னும் அதிசயசாலையை ஏற்படுத்தினார். 1717-ல், திராவகத்தில் கெடாமல் வைத்த சிசு உடல்கள் முதலியவைகளை ஆம்ஸ்டர்டாம் வைத்தியர் ரூய்ஷிடம் 30,000 கில்டர் கொடுத்து வாங்கினார். ஆனால் இவர் கதவைப் பூட்டவில்லை. கட்டணம் கிடையாது, வந்தவர்களுக்குக் காப்பியோ சாராயமோ கொடுக்கச் சர்க்கார் பணமே ஒதுக்கப்பட்டது. காசு பிடுங்காமல், காசு செலவழித்து ஜனங்களை அழைத்த இடம் உலகத்தில் எத்தனை இருக்கும்?

1718-ல் பிறந்த உத்தரவுதான் முக்கியமானது. விகாரமாய்ப் பிறந்த மனித சிசு உயிரோடிருந்தால் 100 ரூபிள், செத்திருந்தால் 10 ரூபிள். மிருகத்துக்கு 15-ம் 5-ம். பறவைக்கு 7-ம் 3-ம். ஒளிப்பவனுக்கு அதைப்போல் பத்து மடங்கு அபராதம். இப்பிறவிகளைப் பிசாசு உண்டாக்க முடியாது, சரீரத்துக்குள் ஏற்படும் சேதமே காரணம் என்றும் அதில் எழுதியிருந்தது.

அதோடு நின்றிருந்தால் நாமும் கைதட்டிவிட்டுப் போயிருப்போம். தாயின் பயமும் எண்ணமும் கூடக் காரணம் என்று அதே உத்தரவு சொல்லிற்று. அதாவது, பிசாசின் தலையிலிருந்து இறக்கிய பழியைப் பிள்ளை பெற்றவள் தலையில் வைத்தார்கள்! தவிர, நிரூபணத்துக்கு ஆதாரம் காட்டவா, வேடிக்கை காட்டவா இந்தச் சாலை? கை கால் ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு விரலே உடைய போமா என்ற ஏழையை உயிரோடேயே காட்சிப் பொருளாக அங்கு வைத்திருந்தார்கள். அவனுக்குக் கிடைத்தது பிசாசுப் பட்டத்திலிருந்து விடுதலை; மனிதப் பட்டமல்ல.

புர்ஷுவா என்ற நெட்டை மனிதன் பீட்டரிடம் ஊழியனாயிருந்தவன். அவன் செத்த பிறகு எலும்புக்கூடு சாலைக்கு வந்தது. 1747-ல் தீப்பிடித்தபோது அதன் மண்டையோடு காணாமற் போகவே, வேறொருவன் மண்டையோட்டை மாட்டிவிட்டார்கள். அது இன்றும் அங்கே நிற்கிறது. அந்த இரண்டாவது தலை யாருடையது என்று கேட்க எந்த உத்தரவும் பிறக்கவில்லை.