கொஞ்சமாவது சாப்பிடுங்களேன்!

நம் பொங்கல் விழாவில் பந்தியில் பாதியிலேயே எழுந்து ஓடியது நான்தான். அதற்குப் பிறகு சமையல்காரர் மேல் சிலர் குறை சொன்னதாகவும், எண்ணெய் சரியில்லை என்று பேச்சு வந்ததாகவும் கேள்விப்பட்டேன். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. உண்மையை எழுதிவிடலாம் என்று ஆசிரியர் குழுவிடம் இடம் கேட்டு வாங்கினேன்.

விழாவுக்கு ஏழு வாரம் முன்னால் எனக்கு உடல் எடையைக் குறைக்கும் ஆபரேஷன் நடந்திருந்தது. காஞ்சன்பாக் குடியிருப்பில் எல்லோரிடமும் பித்தப்பையில் கல் என்று சொல்லி வைத்திருந்தோம். எடை 108 கிலோ, பதினொரு வருடத்துச் சர்க்கரை வியாதி, மாடிப்படி ஏற முடியாத முழங்கால் என்று எனக்குக் காரணங்கள் இருந்தன. ஆனாலும் "வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டாள்" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அருண் ஜெய்ட்லி மத்திய அமைச்சராக இருந்தபோது 2014-ல் சர்க்கரைக்காக இதே வகைச் சிகிச்சை செய்துகொண்டார். எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அமைச்சருக்கு இல்லாத கூச்சம் எனக்கு.

எனக்குச் செய்தது 'ஸ்லீவ்' என்கிற முறை. இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிட்டு, மீதியை வாழைக்காய் மாதிரி ஒரு குழாயாக்கி விடுகிறார்கள். முதல் மாதங்களில் அதன் கொள்ளளவு ஒரு சின்னக் காப்பி டம்ளர்தான். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுத்த பகுதியில்தான் சுரக்கிறதாம். அதனால் பசியும் அடங்கிவிடுகிறது. ஆபரேஷனை டாக்டர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள். சிரமமெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

முதல் இரண்டு வாரம் திரவம் மட்டும். மருந்து அளக்கும் மூடியில் 30 மில்லி, 30 மில்லியாக இளநீர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், நீர்மோர். பிறகு இரண்டு வாரம் மசித்த உணவு. அதற்குப் பிறகு கரண்டியால் அழுத்தினால் நசுங்குகிற மெது உணவு. ஆறு, எட்டு வாரத்துக்கு மேல்தான் மெல்ல மெல்லக் கெட்டி உணவு. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் இதெல்லாம் ஆங்கிலத்தில் அழகாக அச்சடித்திருந்தது. யோகர்ட், ஸ்கிராம்பிள்டு எக், மேஷ்டு பொட்டேட்டோ என்று இருந்ததே தவிர, இட்லியை எந்த வாரம் சாப்பிடலாம் என்று ஒரு வரி இல்லை. தஞ்சாவூரிலிருந்து உதவிக்கு வந்திருந்த என் மாமியாருக்கு அந்தத் தாளால் என்ன பயன்?

அவருக்குத் தெரிந்தது பத்தியச் சாப்பாடு. மூன்றாவது வாரமே குழைந்த தயிர்சாதம் பிசைந்து, "கொஞ்சமாவது சாப்பிடும்மா, உடம்பு தாங்க வேண்டாமா?" என்று கெஞ்சினார். நான்கு வாய் சாப்பிட்டேன். நெஞ்சில் கல் வைத்த மாதிரி நின்றது, வெளியே வந்தது. ஒட்டிக்கொள்கிற சோறு அந்தக் குறுகிய குழாயில் அப்பிக்கொள்ளும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. மாமியாரை நான் குறை சொல்லவில்லை. வீட்டுக்குள் முட்டையே சேர்க்காதவர், எனக்காகத் தனிப் பாத்திரம் வாங்கி, பால்கனியில் மின்சார அடுப்பு வைத்து முட்டை அவித்தவர் அவர்.

அன்று ஆரம்பித்த வாந்தி, நாளுக்கு ஒருமுறை, இருமுறை என்று தொடர்ந்தது. டாக்டரிடம் சொல்லவில்லை. இவ்வளவு பணம் செலவழித்துவிட்டு இதையும் சொல்வதா என்று மறைத்தேன். அந்த நிலைமையில்தான் பொங்கல் விழா. இலையில் இரண்டு மெதுவடை. வேண்டாம் என்றேன். பரிமாறிய சகோதரி, "எங்கள் கையால் சாப்பிட மாட்டீர்களா?" என்று கேட்டுவிட்டார். பித்தப்பைக் கல் என்று நம்பியிருந்தவருக்கு என்ன தெரியும்? பாதி வடை சாப்பிட்டேன். மீதிக் கதைதான் உங்களுக்குத் தெரியுமே.

அடுத்த வாரம் இரண்டு பாதங்களும் மரத்துப்போய், செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வைட்டமின் பி1 குறைவு என்றார்கள். உடம்பு இந்தச் சத்தை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் சேர்த்து வைப்பதில்லை. சாப்பாடும் குறைந்து வாந்தியும் இருந்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் பி1 ஊசி போட வேண்டும் என்று டாக்டர் நர்ஸிடம் இரண்டு முறை சொன்னார். இந்தச் சத்து இல்லாத உடம்பில் குளுக்கோஸ் முதலில் போனால் மூளையே பாதிக்கப்படலாமாம்.

இந்த வியாதிக்குப் பெயர் பெரிபெரி. பெயரைக் கேட்டதும் தார்நாகாவில் நாம் பஸ்ஸில் கடந்து போகும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என் நினைவுக்கு வந்தது. அது நம்மைப்போலத் தமிழ்நாட்டிலிருந்து ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்த நிறுவனம். 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரியை ஆராயத் தொடங்கிய ஒரு சின்னக் கூடம்தான், 1958-ல் இங்கே வந்தது. அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். அந்தக் காலத்தில் பெரிபெரி அதிகம் இருந்தது, தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட வட ஆந்திரக் கடலோரத்தில். புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ் ஜில்லாக்கள் பெரும்பாலும் தப்பின. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுவதுதான் காரணம். நூறு வருடத்துக்கு முந்தைய ஏழைகளின் வியாதி, குளிர்சாதன அறையில் லட்சக்கணக்கில் செலவழித்து ஆபரேஷன் செய்துகொண்ட எனக்கு வந்தது.

இதற்குப் பிறகு வீட்டில் எல்லோருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. கெட்டியாக எதையும் தரவே மாட்டேன் என்றார்கள். கஞ்சி, ஜூஸ், மறுபடியும் கஞ்சி. நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். அவசரமாகக் கெட்டி உணவு கொடுப்பது எவ்வளவு தவறோ, காலம் வந்த பிறகும் கெட்டி உணவுக்குத் திரும்பாமல் இருப்பதும் அவ்வளவு தவறு. மென்று சாப்பிட்ட பருப்பும் காயும் அந்தச் சின்ன இரைப்பையில் தங்கி, போதும் என்ற உணர்வைத் தருகின்றன. கஞ்சியும் ஐஸ்கிரீமும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். முறுக்கும் மிக்சரும் வாயிலேயே பொடியாகி அதே வழியில் போகும். வெட்டிக் குறைத்த எடை சில வருடங்களில் திரும்பி வருவதற்கு இது ஒரு முக்கியமான வழி.

புரதக் கணக்கு வேறு இருக்கிறது. நாளைக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும், இல்லாவிட்டால் சதை கரையும், முடி கொட்டும். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம். அப்படியானால் 30 இட்லி! எனக்கு ஒன்றே தாங்காது. முட்டையில் 6 கிராம், 100 கிராம் பன்னீரில் 18 கிராம் வரை இருக்கிறது. நம் தோசையில் அரிசிதான் அதிகம். இந்த ஊர் பெசரட்டில் முழுக்கப் பச்சைப்பயறு. முப்பது வருடமாக இந்த ஊரில் இருந்துகொண்டு பெசரட்டைக் கேலி செய்தவள் நான். இப்போது வாரம் நான்கு நாள் காலையில் அதுதான், பாதி அளவு, கூடப் பன்னீர் உதிர்த்து.

ஆக, என் இலையில் எல்லாம் தலைகீழ். நடுவில் பருப்பு, கூட்டு, பன்னீர். சோறு தொட்டுக்கொள்ள மட்டும், அதுவும் இடமிருந்தால். இலை போட்டதும் தண்ணீர் வைப்பது நம் வழக்கம்; எனக்கோ சாப்பிடும்போதும், அதற்குப் பின் அரை மணி நேரமும் தண்ணீர் கூடாது. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று பாட்டி சொன்னதை இந்த வயதில் படிக்கிறேன். ஒரு வாய்க்கு இருபது, முப்பது தடவை மெல்ல வேண்டும். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு.

என் தாழ்மையான கருத்து இதுதான். இந்த ஆபரேஷன் செய்துகொள்பவர்கள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள், நம் பந்தியிலும் உட்காருகிறார்கள். அவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாந்தி நிற்காவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். வற்புறுத்திப் பரிமாறுவதை நம் சங்க விழாக்களிலாவது நிறுத்த வேண்டும். சொந்த ஊரை விட்டு வந்த நமக்குச் சாப்பாடு போடுவதுதான் பாசம் காட்டும் வழி, ஒப்புக்கொள்கிறேன். நானும் அப்படி எத்தனையோ பேரை வற்புறுத்தியிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போய் அவதிப்பட்டார்களோ!

இப்போது 87 கிலோ. கால் மரப்பு பெரும்பாலும் போய்விட்டது, இடது பாதத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. சித்திரைத் திருநாள் விழாவுக்குக் கட்டாயம் வருவேன். சுண்டல் இருந்தால் இரண்டு கரண்டி போடுங்கள். வடையைப் பக்கத்து இலைக்குத் தள்ளிவிடுங்கள். அங்கே என் கணவர் உட்கார்ந்திருப்பார்.